ஆன்டிபயாடிக் முடிந்த ஐந்தாம் நாள்

அம்மாவின் தலைமாட்டில் இருந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் வெறும் மணிக்கணக்கு: இரவு 12.40, 1.15, 2.10, 2.35, 3.45. ஒவ்வொன்றும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போன நேரம். அதற்கு அப்புறம் எழுதவில்லை. எழுத முடியாத அளவுக்கு அடிக்கடி போனார்.

அம்மாவுக்கு அப்போது 71 வயது. கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டி முகம் வீங்கியிருந்தது. பல் மருத்துவர் கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஏழு நாளைக்கு எழுதிக்கொடுத்தார். வீக்கம் வடிந்தது, வலி போனது, மாத்திரையும் முடிந்தது. பல் பிரச்சினையை அத்தோடு மறந்துவிட்டோம். சரியாக ஐந்தாம் நாள் காலையில் வயிற்றோட்டம் ஆரம்பித்தது.

ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு நாளில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் எட்டு முறை ஆனது. வீட்டு மருந்துப் பெட்டியில் லோபெராமைடு இருந்தது. பேதியை நிறுத்தும் மாத்திரை. இரண்டு கொடுத்தேன். கழிப்பறைக்குப் போவது கொஞ்சம் குறைந்தது, நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் அம்மாவின் வயிறு உப்பித் தம்பட்டம் மாதிரி இறுகியிருந்தது. காய்ச்சல் 101 டிகிரி. கை வைத்தாலே முகம் சுளித்தார். அந்த மாத்திரையைக் கொடுத்தது நான்தான். இதை எழுதுவதற்கு முதல் காரணம் அதுதான். ஆன்டிபயாடிக் சாப்பிட்டவருக்குப் பேதி வந்தால், டாக்டரைக் கேட்காமல் பேதியை அடைக்கும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். குடலுக்குள் நச்சு இருக்கும்போது குடலின் அசைவை நிறுத்தினால் அது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். பெருங்குடல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகும் நிலைகூட வரலாம்.

முதலில் போன இடத்தில் சாதாரண வயிற்றோட்டம் என்று உப்பு சர்க்கரைக் கரைசலும் வேறு ஏதோ மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். பல்லுக்குச் சாப்பிட்ட மருந்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பல் வேறு, வயிறு வேறு என்றுதானே தோன்றும்? அடுத்த நாள் வேறொரு டாக்டரிடம் போனோம். அந்தப் பெண் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னாலேயே கேட்ட கேள்வி: "அம்மா, போன மூணு மாசத்துல ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களா? பல்லுக்கோ, சளிக்கோ, மூத்திரத்துக்கோ, எதுக்கா இருந்தாலும் சொல்லுங்க." அம்மா பல்லைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, மலப் பரிசோதனைக்கு எழுதினார்.

கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில். மருத்துவமனைகளில் சுருக்கமாக சி.டிஃப் என்கிறார்கள். அன்றுதான் முதல்முறையாக அந்தப் பெயரைக் கேட்டேன். டிஃபிசில் என்றால் லத்தீனில் 'கடினமானது' என்று பொருள். 1935இல் ஹால், ஓ'டூல் என்ற இருவர் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆய்வகத்தில் வளர்ப்பதற்கு அவ்வளவு பாடாக இருந்ததால் இந்தப் பெயர். குழந்தைகளை ஒன்றும் செய்யாததால் பல ஆண்டுகள் இதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு வரும் கடுமையான பெருங்குடல் அழற்சிக்கு இதன் நச்சுதான் காரணம் என்பது 1978இல்தான் உறுதியானது. அம்மா சாப்பிட்ட கிளிண்டமைசின் அந்தக் காலத்திலிருந்தே இந்த நோயோடு சேர்த்துப் பேசப்படும் மருந்து என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கியதை என்னால் முடிந்த அளவு சொல்கிறேன். நம் பெருங்குடலில் கோடானுகோடி நல்ல பாக்டீரியாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கின்றன. அவை இருக்கும்வரை சி.டிஃபுக்கு இடம் கிடைக்காது. ஆன்டிபயாடிக் பல்லில் இருக்கும் கிருமியை அழிக்கும்போது குடலில் இருக்கும் நல்லவற்றையும் சேர்த்து அழித்துவிடுகிறது. நிலம் காலியானதும், வித்து வடிவில் உறங்கிக்கொண்டிருந்த சி.டிஃப் முளைக்கிறது. முளைத்துப் பெருகி ஏ, பி என்று இரண்டு நச்சுகளைச் சுரக்கிறது. அவை குடல் சுவரின் செல்களுக்குள் புகுந்து, செல்லுக்கு உருவம் கொடுக்கும் உள்சட்டத்தைக் குலைக்கின்றன. செல்லுக்கும் செல்லுக்கும் இடையே இருந்த பிடி தளர்கிறது, தண்ணீர் கசிகிறது, சுவர் புண்ணாகிறது. நோய் முற்றினால் குடலின் உட்புறம் மஞ்சள் திட்டுத் திட்டாகப் படலம் படியும். அம்மாவைப் பாடாய்ப் படுத்தியது அந்த நச்சுதான்.

பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. கெட்டியான மலத்தில் இந்தப் பரிசோதனை செய்யமாட்டார்கள். ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போனால்தான் செய்வார்கள். ஏனென்றால் நோயே இல்லாமல் இந்தப் பாக்டீரியாவைச் சும்மா சுமந்துகொண்டிருப்பவர்களும் உண்டு. பிசிஆர் பரிசோதனை நச்சுக்கான மரபணு இருக்கிறதா என்று பார்க்கும். நச்சுப் பரிசோதனை, நச்சு உண்மையிலேயே சுரந்திருக்கிறதா என்று பார்க்கும். அம்மாவுக்கு இரண்டிலும் பாசிட்டிவ். கூடவே ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். வெள்ளணு 15,000ஐத் தொட்டாலோ, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.5ஐத் தாண்டினாலோ நோய் கடுமை என்று கணக்காம். அம்மாவுக்கு வெள்ளணு 14,200. மயிரிழையில் தப்பினார் என்று சொல்லவேண்டும். அப்படியும் நான்கு நாள் மருத்துவமனையில் வைத்து சலைன் ஏற்றினார்கள்.

சிகிச்சை வான்கோமைசின். 125 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நான்கு வேளை, பத்து நாள், வாய் வழியாக. "இவ்வளவு பெரிய வியாதிக்கு ஊசி போடாம வாயில குடுக்கறாங்களே" என்று அம்மாவுக்கு ஒரே சந்தேகம். நியாயமான கேள்விதான். வான்கோமைசினை நரம்பில் ஏற்றினால் ரத்தத்தில் சுற்றும், ஆனால் குடலுக்குள் போதுமான அளவு வந்து சேராது. வாயில் கொடுத்தால் ரத்தத்தில் கலக்காமல் அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். மற்ற நோய்களில் குறை என்று சொல்லும் குணம்தான் இந்த நோய்க்கு மருந்தாகிறது.

மாத்திரை வடிவில் கிடைக்காததால், ஊசி மருந்துக் குப்பியையே கரைத்துக் குடிக்கக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். கேட்டதும் பயமாக இருந்தது. மருந்தாளுநர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். 500 மில்லிகிராம் குப்பியில் 10 மில்லி சுத்திகரித்த நீரை விட்டுக் குலுக்கவேண்டும். தூள் முழுதாகக் கரைந்து தெளிந்ததும் ஊசியில்லாத சிரிஞ்சில் 2.5 மில்லி எடுத்தால் அது 125 மில்லிகிராம். மீதியை ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும். காலை 6, மதியம் 12, மாலை 6, இரவு 12 என்று அலாரம் வைத்தேன். அந்தக் கசப்பை அம்மா முதல் நாள் துப்பிவிட்டார். இரண்டாம் நாளிலிருந்து நான் கொஞ்சம் தண்ணீர் கலந்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, நாக்கின் பின்பக்கம் மெதுவாக விட்டேன். நடு இரவு 12 மணிக்கு எழுப்பினால் சத்தமில்லாமல் வாயைத் திறப்பார், குழந்தை மாதிரி. (இந்த அளவை யாரும் தாங்களாகவே கலக்க வேண்டாம். குப்பியின் அளவு மாறினால் கணக்கும் மாறிவிடும். உங்கள் மருந்தாளுநரை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு முறை செய்து பாருங்கள்.)

கை கழுவுவதில்தான் நான் செய்த இரண்டாவது தவறு. அறை வாசலில் சானிடைசர் பாட்டில் வைத்திருந்தேன். போகும்போது, வரும்போது, தொட்டதுக்கெல்லாம் தேய்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு அது சாகாது, சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்றார். சி.டிஃப் உடலுக்கு வெளியே வந்ததும் கெட்டியான ஓடு போட்ட வித்தாகிவிடுகிறது. ஆல்கஹால் அந்த ஓட்டை ஒன்றும் செய்யாது. சோப்பும்கூட அதைக் கொல்வதில்லை. தேய்ப்பதும் ஓடும் தண்ணீரும்தான் கையிலிருந்து அதை அடித்துக்கொண்டு போகின்றன. ஆகவே எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தித் தேய்க்கிறோம் என்பதுதான் முக்கியம். விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகத் தேய்க்கப் பழகினேன். அம்மாவும் கழிப்பறையிலிருந்து வந்ததும் அப்படியே கழுவவேண்டும். வீட்டில் பல பேர் நோயாளியின் கையை மறந்துவிடுகிறோம்.

இந்த வித்துகள் தரையிலும் கைப்பிடியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு கழிப்பறையை அம்மாவுக்கு மட்டும் ஒதுக்கினோம். தினமும் பிளீச் கரைசல் புதிதாகக் கலந்தேன், ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். முதலில் அழுக்கைச் சோப்பால் துடைத்துவிட்டு, அப்புறம் இந்தக் கரைசலைப் பூசிப் பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுவிடவேண்டும். பூசிய கையோடு துடைத்தால் பயனில்லை. கழிப்பறை இருக்கை, ஃபிளஷ் பொத்தான், குழாய்த் திருகு, கதவுக் கைப்பிடி, விளக்கு ஸ்விட்ச், இவைதான் கைபடும் இடங்கள். கையுறை போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: பிளீச்சோடு கழிப்பறை கழுவும் அமிலத்தையோ வேறு எந்தத் திரவத்தையோ கலக்கவே கூடாது. விஷவாயு வரும்.

இந்த ஏற்பாடெல்லாம் அம்மாவைப் புண்படுத்தியது. தனிக் கழிப்பறை, தனித் துண்டு, நான் கையுறையோடு உள்ளே வருவது. ஒரு நாள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, "என்னைத் தள்ளி வெச்சுட்டீங்க இல்ல?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டேன். மெலிந்துபோன விரலில் மோதிரம் கழன்று கழன்று விழுந்துகொண்டிருந்தது. அதற்கு நூல் சுற்றிக் கொடுத்தேன். பேசிக்கொண்டிருந்தோம். எழுந்து போய்க் கை கழுவினேன், அவ்வளவுதான். பக்கத்தில் உட்காருவதாலோ பேசுவதாலோ இது ஒட்டாது. மலத்திலிருக்கும் வித்து கையில் ஒட்டி வாய்க்குப் போனால்தான் உண்டு. நல்ல ஆரோக்கியத்தோடு, ஆன்டிபயாடிக் எடுக்காமல் இருப்பவருக்கு ஆபத்து குறைவு. இதை நோயாளிக்கு முதல் நாளே புரியும்படி சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டதால் அம்மா ஒரு வாரம் மனதுக்குள் வைத்து மருகியிருக்கிறார்.

நான்காம் நாளிலிருந்து முறை குறைந்தது. பத்தாம் நாள் மருந்து முடிந்தது. சரியாகிவிட்டதா என்று மறுபடியும் மலப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்டேன். டாக்டர் மறுத்தார். குணமான பின்னும் பல வாரம் பாசிட்டிவ் என்றே வரலாம், அதை வைத்து மருந்து கொடுத்தால் கெடுதல்தான் என்றார். நோய் போனதா என்பதை மலத்தின் தன்மைதான் சொல்லவேண்டும். "ஆனா இது திரும்பி வரலாம். அஞ்சுல ஒருத்தருக்கு வருது. நோட்டை மட்டும் மூடிடாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தது.

மருந்தில் குறை, கவனிப்பில் குறை என்று என்னை நானே நொந்துகொண்டேன். விஷயம் வேறு. வான்கோமைசின் வளரும் பாக்டீரியாவைக் கொல்லும், உறங்கும் வித்தைத் தொடாது. அதோடு வான்கோமைசினும் ஓர் ஆன்டிபயாடிக்தானே? திரும்பி வளரப் பார்க்கும் நல்ல பாக்டீரியாவையும் அது விடுவதில்லை. கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களில் சில இந்த வித்துகளை முளைக்கத் தூண்டும். நல்ல பாக்டீரியா இருந்தால் அவற்றை மாற்றி, சி.டிஃபை அடக்கும் வேறு பித்த அமிலங்களாக்கிவிடும். அவை இல்லாத குடலில் வித்துக்குத்தான் சாதகம். ஒரு முறை திரும்பி வந்தவர்களுக்கு இன்னொரு முறை வரும் வாய்ப்பு 40 சதவீதத்துக்கும் மேல் என்று டாக்டர் சொன்னபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது தடவைக்கு ஃபிடாக்சோமைசின் என்ற மருந்தைத்தான் டாக்டர் முதலில் நினைத்தார். 200 மில்லிகிராம், இரண்டு வேளை, பத்து நாள். நல்ல பாக்டீரியாவை அதிகம் அழிக்காது, அதனால் நோய் திரும்புவது குறைவு. 2021இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல் முதல் முறைக்கே அதைத்தான் முன்னால் வைக்கிறது. அந்த நேரத்தில் எங்களுக்கு அது கிடைக்கவில்லை. வான்கோமைசினையே படிப்படியாகக் குறைக்கும் முறையில் கொடுத்தார்கள். இரண்டு வாரம் நான்கு வேளை, ஒரு வாரம் இரண்டு வேளை, ஒரு வாரம் ஒரு வேளை, அப்புறம் மூன்று நாளைக்கு ஒரு முறை என்று ஆறு வாரம். மருந்து இல்லாத நாளில் நல்ல பாக்டீரியா கொஞ்சம் தலைதூக்கும். அதே இடைவெளியில் வித்து முளைத்தால் அடுத்த வேளை மருந்து அதைப் பிடித்துவிடும், இதுதான் கணக்கு. சுவர்க் காலண்டரில் மருந்து நாட்களைச் சிவப்பில் வட்டமிட்டேன். இந்த ஆறு வாரத்தில் ஒரு வேளை தவறினால்கூடத் திட்டம் குலையும் என்பதால், வட்டத்தின் மேல் பேனாவால் அடிப்பது அம்மாவின் வேலை என்று வைத்தேன். ஒரு நாளும் மறக்கவில்லை.

இதுவும் பலிக்காவிட்டால் என்ன என்று கேட்டேன். ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருக்கும் பாக்டீரியாவை நோயாளியின் குடலில் கொண்டுபோய் விடுவது என்றார். கேட்டதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் என்னவோ போலத்தான் இருந்தது. ஆனால் படிக்கப் படிக்க மதிப்பு வந்தது. 1958இலேயே ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவர் இதைச் செய்து நோயாளிகளைக் காப்பாற்றியிருக்கிறார். 2013இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், இந்த முறையில் சிகிச்சை பெற்ற 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் எடுத்த 13 பேரில் நான்கு பேர்தான் தேறினார்கள். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2022 நவம்பரில் ஆசனவாய் வழி மருந்தாகவும், 2023 ஏப்ரலில் விழுங்கும் மாத்திரையாகவும் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி கொடுத்தது. இணையத்தில் இதை வீட்டிலேயே செய்துகொள்ளச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். கொடையாளரின் மலத்தைச் சரியாகச் சோதிக்காததால் மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றி ஒருவர் இறந்ததை 2019இல் அதே நிர்வாகம் எச்சரிக்கையாக வெளியிட்டது. எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை.

டாக்டர் அம்மாவின் பழைய மருந்துச் சீட்டையும் ஒருமுறை அலசினார். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றை அம்மா இரண்டு வருடமாகத் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். யார் எழுதியது, எதற்கு எழுதியது என்று எங்களுக்கே நினைவில்லை. அந்த வகை மாத்திரை எடுப்பவர்களிடம் சி.டிஃப் அதிகம் காணப்படுகிறது, தேவையில்லாவிட்டால் நிறுத்தலாம் என்று நிறுத்தினார். நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரை வாங்கவா என்று கேட்டதற்கு, அதனால் இந்த நோய் திரும்பாமல் இருக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றார்.

ஆறு வாரம் முடிந்த பின்னும் பயம் போகவில்லை. ஒரு நாள் காலையில் இரண்டு முறை இளகலாகப் போனதும் அம்மா அழுதுவிட்டார். இந்த நோய் வந்துபோன குடல் பழைய நிலைக்கு வரச் சில மாதம் ஆகும், ஒன்றிரண்டு இளகல் எல்லாம் சி.டிஃப் ஆகாது என்று டாக்டர் தைரியம் சொன்னார். 24 மணி நேரத்தில் மூன்றோ அதற்கு மேலோ நீராகப் போனால் உடனே வரவேண்டும். வயிறு உப்பிப் பேதி திடீரென்று நின்றுபோனால், மயக்கமாகச் சரிந்தால், சிறுநீர் போவது குறைந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. பேதி நின்றதே என்று சந்தோஷப்பட்டுவிடுவோம் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

எட்டு மாதம் கழித்து வேறொரு விஷயத்துக்காகச் செய்த பரிசோதனையில் அம்மாவின் சிறுநீரில் கிருமி இருப்பதாக வந்தது. பார்த்தவர் ஆன்டிபயாடிக் எழுதப் பேனாவை எடுத்தார். அம்மாவுக்கு எரிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சி.டிஃப் இரண்டு முறை வந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு இன்னும் நான்கு கேள்வி கேட்டார். தொல்லை எதுவும் இல்லாத வயதானவர்களின் சிறுநீரில் கிருமி தென்படுவது சகஜம், மருந்து வேண்டாம், காய்ச்சலோ எரிச்சலோ வந்தால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். உண்மையிலேயே ஆன்டிபயாடிக் தேவைப்படும் நாள் வந்தால் மறுக்கமாட்டோம். கிளிண்டமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை, செஃப்ட்ரியாக்சோன் வகை ஆகியவற்றைத் தவிர்த்து வேறு ஒன்று கொடுக்க முடியுமா, எத்தனை குறைந்த நாள் போதும் என்று மட்டும் கேட்போம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு அட்டையில் எழுதிக்கொடுத்தேன்: 'சி.டிஃப் தொற்று இரண்டு முறை வந்துள்ளது. காரணம் கிளிண்டமைசின். ஆன்டிபயாடிக் எழுதும் முன் தயவுசெய்து யோசிக்கவும்.' அம்மா அதைக் கைப்பையில் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். போன மாதம் அதே கடைவாய்ப் பல் மறுபடியும் வலித்தது. பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்ததும், அவர் விளக்கைத் திருப்புவதற்குள் அம்மா அட்டையை எடுத்து நீட்டினார். அவர் இரண்டு முறை படித்தார். பல்லின் வேரைத் திறந்து சுத்தம் செய்தாலே போதும், மாத்திரை வேண்டாம் என்றார். அம்மா அட்டையைத் திரும்ப வாங்கிப் பையில் பத்திரமாக வைத்துவிட்டு, அப்புறம்தான் வாயைத் திறந்தார்.